எடைப் பட்டியல்

முதல் கேள்வியே அதுதான். போனில் யாருக்கும் பிடிக்காது.
"உங்க எடை எவ்வளவு சார்? பையோட இல்ல, தனியா."
பாரிஸிலிருந்து அழைத்த சவரிராயன்
கொஞ்சம் பொறுத்து, ஐம்பத்தெட்டு என்றார்.
தம்பி அமலநாதன், முத்தியால்பேட்டை,
எண்பது என்றார், பிறகு எண்பத்தஞ்சுன்னே போடுங்க என்றார்.
வக்கீல் சொன்னது எழுபது.
வக்கீல்களுக்கு நான் எப்போதும் பத்து கூட்டிக்கொள்வேன்.

லாசுப்பேட்டை ஓடுபாதை சின்னது.
அது முடிந்தால் கம்பிவேலி,
வேலிக்கு அப்பால் யாரோ காயப்போட்ட புடவைகள்.
பெரிய ஜெட்டெல்லாம் யோசிக்கும்.
எங்கள் டர்போப்ராப் யோசிக்காது:
இரண்டு எஞ்சின், இரண்டு விசிறி,
புடவைகள் தெரிவதற்கு முன்பே மூக்கைத் தூக்கிவிடும்.
எடை மட்டும் சரியாக இருக்கவேண்டும்.

திருமங்கலத்துப் பக்கம் அம்மா வழி நிலம்.
பதினோரு வருட வழக்கு, ஒருவழியாகச் சமரசம்,
பத்திரப் பதிவுக்கு டோக்கன் மதியம் இரண்டரைக்கு.
கார்ல போகலாமே சார், ஆறு மணி நேரம்தானே என்று
வியாபாரத்துக்கு விரோதமாக நானே சொல்லிப் பார்த்தேன்.
"அவ்வளவு நேரம் உக்கார முடியாதும்மா."
வேறெதுவும் சொல்லவில்லை.

கட்டணத்தை விளக்கினேன்.
சென்னையிலிருந்து காலியாக வரும், அதற்கும் நீங்கள்தான்.
உங்களை மதுரையில் இறக்கிவிட்டுக்
காலியாகத் திரும்பும், அதற்கும் நீங்கள்தான்.
"ஆள் இல்லாத சீட்டுக்கும் நானா?"
ஆமாம் சார்.
"பழக்கம்தான்" என்றார்.

செவ்வாய்க்கிழமை, மழை விட்ட மறுநாள்.
தம்பி ஒன்பதரைக்கே வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்.
அண்ணன் நுழைந்ததும் பேப்பரை உயர்த்தினார்.
கொஞ்ச நேரத்தில் இறக்கினார்.
முகத்தைப் பார்க்கவில்லை; கழுத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.
காலருக்கும் கழுத்துக்கும் நடுவே
இரண்டு விரல் போகும்.

எனக்கு முன்னால் சீட்டு, அவருக்குப் பின்னால் என்று
இருவருமே தனித்தனியாக என்னிடம் கேட்டிருந்தார்கள்.
கேப்டன் இந்துமதிக்கு அது தெரியாது.
பட்டியலை வாங்கிப் பேனாவால் தட்டினார்.
பைகள் பின்னால். பத்திரக் கட்டுகள் மட்டும் பதினாறு கிலோ.
"நீங்க ரெண்டு பேரும் நடுவுல, எதிரெதிர.
பாரம் நடுவுல இருந்தாத்தான் எனக்கு வசதி."
அந்த இருக்கைகளில் முழங்கால் இடிக்கும்.
யாருக்கும் இடிக்கும்.
வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார்,
கதவு சாத்தியாகிவிட்டது.

விசிறியின் இதழ்கள் மறைந்து
வெறும் வட்டமாகும் அந்த நொடியை
எத்தனை முறை பார்த்தாலும் நின்று பார்ப்பேன்.
கடலைப் பார்த்து ஓடி, எழும்பி, தெற்கே சாய்ந்தது.
உள்ளே பேசினார்களா, தெரியாது.
அந்தச் சத்தத்தில் பேசுவதென்றால்
குனிந்து காதருகே போகவேண்டும்.

மூன்றாம் நாள் போன். தம்பி.
பில் எப்போ வரும் என்று ஆரம்பித்தார்.
பில் அவர் பெயரில் இல்லை.
அப்புறம்,
"அண்ணன் எத்தனை கிலோன்னு சொல்லியிருந்தார்?"

பயணிகள் விவரம் வெளிய சொல்லக்கூடாது சார்.

"இல்ல... என் கல்யாணத்துக்கு முந்தின நாள்
ஸ்டேஷன்ல காசு போட்டுப் பாத்தோம், அந்த மிஷின்ல.
எண்பத்தாறு. அட்டைய ரொம்ப நாள் வெச்சிருந்தேன்."

எங்கள் பக்கம் வரிசையில் இன்னொரு அழைப்பு மினுக்கியது.
பயணம் செய்தவர் கேட்டால்
எடைப் பட்டியலின் நகல் தரலாம் சார், விதி இருக்கு என்றேன்.
அப்படி ஒரு விதி கிடையாது.
மின்னஞ்சல் முகவரி கேட்டேன்.
எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்
பாதியில் நின்று,
தொண்டையைச் செருமி,
மறுபடி முதலிலிருந்து சொன்னார்.